ஒருவருக்கு ஒரு காரா?

(கொழும்பில் நடைபெற்ற பொதுக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



உத்தியோகத்தரும் கமக்காரரும் ஒருங்கே கூடியிருக்கும் இச் சபையிலே கொழும்பு நகரின் வீதி நெருக்கடியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். வீதி நெருக்கடி கந்தோருக்குப் போகிறவர்களின் தொல்லை. வெங்காயம் பயிரிடுகிறவருக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு, பெரும் பங்கு உண்டு. அதனை எடுத்துக் காட்டவே இன்று இம் மேடையில் நிற்கின்றோம்.

காலை எட்டு மணிக்குக் காலி வீதியைப் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை கார்கள் வரிசையாய் நிற்கும். ஐவர் அமரக்கூடிய வண்டிகளிலே பலவற்றில் ஒருவரே அமர்ந்திருப்பார். இரண்டு மூன்று கார்கள் பிடிக்கும் இடத்திலே ஒரு பஸ் ஐம்பது பேரைச் சுமந்து நிற்கும். ஆனால், அந்த ஐம்பது பேரும் அந்த மூவருக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும். இதனை நீதி என்று எவராவது சொல்வாரா?

நின்றபடியே எரியும் அந்த எண்ணெய் நம் நாட்டில் ஊறும் எண்ணெய் அன்று. ஒவ்வொரு துளியும் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்குவது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று 2022 ஏப்ரலில் அரசாங்கம் அறிவித்ததையும், அதன்பின் எண்ணெய் நிலையங்களின் முன் மக்கள் இரவும் பகலும் காத்துக் கிடந்ததையும் நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. மண்ணெண்ணெயில் நீரிறைக்கும் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு அது எத்தகைய அடி என்பதை இங்குள்ளோர் அறிவர். தலைநகரில் வீணே எரியும் பெற்றோலும் தோட்டத்துக் கிணற்றடியில் இல்லாமற்போன மண்ணெண்ணெயும் ஒரே பணப்பையிலிருந்து வாங்கப்படுபவை. பேலியகொடைச் சந்தையில் மரக்கறியை இறக்கிவிட்டுத் திரும்பும் லொறி நெரிசலில் நிற்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. அக் கூலியும் ஈற்றில் கமக்காரரின் விலையிலேதான் கழிகின்றது.

ஆயினும், கார் வைத்திருப்போரை நிந்திப்பதற்கு நாம் வரவில்லை. அவர் ஏன் காரை நாடுகிறார்? பஸ்ஸிலே மூச்சுவிட இடமில்லை. பெண்கள் மானத்தோடு பிரயாணஞ் செய்வது அரிதாயிருக்கிறது. புகையிரதம் குறித்த நேரத்துக்கு வருமென்ற உறுதி இல்லை. பஸ்ஸின் பெயர்ப் பலகையிலும் அறிவித்தலிலும் தமிழ் பல வேளைகளில் இல்லை, இருந்தாலும் பிழையாயிருக்கிறது. வயோதிபத் தாயொருத்தி எந்தப் பஸ் எங்கே போகிறதென்று அறிய இயலாதபோது, அவளுடைய மகன் கார் வாங்காமல் வேறென்ன செய்வான்? நல்ல மாற்று வழியைக் கொடுக்காமல் காரைக் கைவிடு என்று சொல்வது வெறும் உபதேசமாகும்.

மாற்று வழிகள் நமக்குப் புதியனவும் அல்ல. கொழும்பில் 1899 முதல் 1960 வரை ட்ராம் வண்டிகள் ஓடின. 1953 முதல் 1964 வரை மின்கம்பியில் ஓடும் ட்ரொலி பஸ்கள் ஓடின. இரண்டையும் இழந்தோம். 1958 ஜனவரி முதலாந் தேதி பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. 1979 முதல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. ஆனால் அன்றன்று சேரும் பணத்தில் சம்பளம் தேடவேண்டிய சாரதி, பிரயாணிக்காகப் போட்டியிட்டு ஓடுவதும், ஆளில்லாத வேளையில் தரிப்பிடத்தில் காத்துக் கிடப்பதும் வழக்கமாயின. மாலபேயையும் கோட்டையையும் இணைக்க 2019இல் யப்பானியக் கடனுடன் ஒப்பந்தமான இலகு ரெயில் திட்டம், 2020இல் கைவிடப்பட்டது.

இனி, சிங்கப்பூரைப் பார்ப்போம். 1975 யூன் மாதத்தில் அந் நகரத்தார் ஓர் ஏற்பாடு செய்தனர். காலை வேளையில் நகர மையத்துள் நுழையும் கார் நாளொன்றுக்கு மூன்று வெள்ளி கொடுக்கவேண்டும். ஆனால் நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஏறிவரும் கார் எதுவுங் கொடுக்க வேண்டியதில்லை. அயலவரும் உடனுழைப்போரும் ஒரே காரில் ஏறத் தொடங்கினர். மையத்துள் நுழையும் கார்கள் பெரிதுங் குறைந்தன. அதே வேளையில் எல்லையிலே தரிப்பிடங்கள் அமைத்துச் சிறப்புப் பஸ்களும் விட்டனர். அவற்றையோ மக்கள் அவ்வளவாக நாடவில்லை. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? தரிப்பிடம் கட்டினால் மட்டும் போதாது. காரை விட்டு இறங்குபவருக்கு நேரமோ பணமோ மிஞ்ச வேண்டும். மகும்புரையில் காரை நிறுத்திப் பஸ்ஸில் ஏறுபவர் அதே நெரிசலில்தான் நிற்பார் என்றால், அவர் எதற்காக இறங்குவார்?

ஆகவே, முதலில் வேண்டுவது பஸ்ஸுக்கென ஒதுக்கிய வழி. 2017இலும் 2020இலும் கொழும்பில் இது பரீட்சிக்கப்பட்டது. கோடு கீறுவது ஒரு நாள் வேலை. அக் கோட்டைக் காப்பதோ நாள்தோறும் செய்யவேண்டிய வேலை. இரண்டாவதாக, அரசாங்க பஸ்ஸுக்கும் தனியார் பஸ்ஸுக்கும் ஒரே நேரசூசியும் ஒரே சீட்டும் வேண்டும். சாரதிக்கு நிலையான சம்பளம் வேண்டும். மூன்றாவதாக, கரையோரப் பாதையும், கம்பஹா செல்லும் பாதையும், நீர்கொழும்புப் பாதையும், அவிசாவளைக்குச் செல்லும் களனிவெளிப் பாதையும் நமக்கு ஏற்கெனவே உண்டு. புதிதாய் நிலம் வாங்க வேண்டியதில்லை. புகையிரதம் வந்து நிற்கும்போது நிலையவாயிலில் சிறு பஸ் காத்து நிற்குமானால், ஆயிரக்கணக்கானோர் காரை வீட்டில் விட்டுவருவர்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுசெல்லும் வானையும், பத்துப் பன்னிரண்டு உத்தியோகத்தர் மாதக் கட்டணம் கொடுத்து ஏறும் கந்தோர் வானையும் எந்த அரசாங்கமும் நமக்குக் கற்பிக்கவில்லை. மக்களே கண்ட வழி அது. அதனை விரிவாக்குவோம். ஒரே ஒழுங்கையில் குடியிருந்து ஒரே திசையில் போகும் நால்வர் முறைவைத்து ஒருவர் காரில் மற்றையோர் ஏறலாம், செலவு காற்பங்காகும். கந்தோர்த் தலைவர்கள் தமது தரிப்பிடத்தை மூவர் ஏறிவரும் காருக்கே முதலில் ஒதுக்கலாம். எல்லோரும் ஒரே மணிக்கு வரவேண்டும் என்ற விதியையும் தளர்த்தலாம். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகள் பல உண்டென்பதை 2020இன் பெருந்தொற்றும் 2022இன் எண்ணெய்ப் பஞ்சமும் நமக்குக் காட்டிவிட்டன.

துவிச்சக்கர வண்டியை நம்மவருக்கு நாம் அறிமுகஞ் செய்யவேண்டுமா? 1990ஆம் ஆண்டுகளில் எரிபொருள் தடைக்குள் அகப்பட்டிருந்த யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் உயிர் வாழ்ந்தது. விறகும் மரக்கறியும் நோயாளியும் அதிலேதான் போயினர். அன்று வேறு வழியின்றிச் செய்ததை இன்று விரும்பிச் செய்யலாம். ஆனால் கொழும்பில் அதற்கு ஆபத்தில்லாத ஓரம் வேண்டும். நடப்பவருக்கு உடையாத நடைபாதையும் வேண்டும். இவற்றைக் கேட்பது பிச்சையன்று. வரி கொடுப்போரின் உரிமை.

அன்பர்களே, உத்தியோகத்தருக்கு ஒரு வேண்டுகோள்: நீங்கள் தனியே ஓட்டும் ஐந்து நாட்களில் இரண்டு நாட்களை இம்மாதமே மாற்றிப் பாருங்கள். கமக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: வாக்குக் கேட்டு வருபவரிடம் மானியத்தைப் பற்றிக் கேட்கும்போது பஸ்ஸைப் பற்றியும் கேளுங்கள். வீதி பொதுச் சொத்து. அதிலே ஒருவர் ஐவருக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டால், இடமின்றி நிற்கும் நால்வர் நம்மவரே.