மலைக்குப் போனா வீசிங் போயிடுமா?

இன்னைக்கு கோடும் இல்லை, கிளவுடும் இல்லை. என் நுரையீரல் பத்தி பேசப்போறேன். நடுவுல நான் இருமின இடத்தை எல்லாம் எடிட்டிங்ல வெட்டியாச்சு.

எனக்கு ஆறு வயசுலேர்ந்து வீசிங். ஊர் கள்ளக்குறிச்சி. கரும்பு வெட்டி முடிச்சு சோகையைக் கொளுத்துற சீசன்ல பாதி நாள் ஸ்கூல் லீவு. இப்ப வேலை பெங்களூர்ல, அங்கே வேற மாதிரி தூசி. கம்பெனில வீட்டிலேர்ந்தே வேலை பார்க்கலாம்னு சொன்னதும் மாமா ஒரு யோசனை சொன்னார்: "பேசாம கல்வராயன் மலைல போய் இருடா. ஒரு மாசத்துல இளைப்பு இருந்த இடம் தெரியாது." எங்க ஊர்ல யாருக்கு இளைப்பு வந்தாலும் இதைத்தான் சொல்வாங்க.

சரி, டேட்டா எடுப்போம்னு ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கினேன். முழு மூச்சு இழுத்து வேகமா ஊதினா, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்துல காத்து வெளியே வருதுன்னு காட்டும். என்னோட பெஸ்ட் 520. அதுல 80 சதவீதத்துக்கு மேல இருந்தா நிம்மதி, 50க்குக் கீழ போனா ஆபத்து. பெங்களூர்ல ரெண்டு வாரம் காலையும் ராத்திரியும் ஊதி ஷீட்ல போட்டேன். சராசரி 430.

மார்கழில வெள்ளிமலை போய் ஒரு வீட்டுல ரூம் எடுத்தேன். முதல் நாலு நாள் 440, 450. மாமாவுக்கு ஸ்க்ரீன்ஷாட்கூட அனுப்பினேன். அந்த சந்தோஷத்துல ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். தினமும் எடுக்கிற பிரிவென்டர் இன்ஹேலரை முதல் நாளே நிறுத்திட்டேன். அதான் நல்ல காத்து இருக்கே!

அஞ்சாவது நாள் காலைல 360. அன்னைக்கு ராத்திரி செம குளிர். வீட்டுக்கார அக்கா பரண்லேர்ந்து ஒரு பழைய கம்பளி எடுத்துக் கொடுத்தாங்க. பக்கத்துலயே விறகு அடுப்பு. பதினோரு மணிக்கு ஊதினா 240. ரிலீவரை அடிச்சும் அடங்கலை. அக்காவோட தம்பி பைக்ல உட்கார வச்சு, அத்தனை வளைவும் இறங்கி கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிட்டு வந்தார். நெபுலைசர் வச்சப்புறம்தான் முழு வாக்கியம் பேச முடிஞ்சது.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பிரிவென்டரை ஏன் நிறுத்துனீங்க?" அந்த மருந்தோட பலன் நிறுத்தின அன்னைக்கே போயிடாது, சில நாள் தாங்குமாம். அதாவது நான் மாமாவுக்கு அனுப்பின 450ல பாதி மலையோட மார்க் இல்லை, பழைய மருந்தோட மிச்சம். குளிர், கம்பளி, புகை, மருந்து நிறுத்தினதுன்னு நாலு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்திட்டு ரிசல்ட் பார்த்திருக்கேன். ஆபீஸ்ல ஒரு ஜூனியர் இப்படி டெஸ்ட் பண்ணியிருந்தா திட்டியிருப்பேன்.

காத்து மாறினா நோய் போகும்கிறது பழைய நம்பிக்கை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல தினமும் இறங்குறவங்க இருப்பீங்க. அந்தப் பேரு 1928ல டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காக ஆரம்பிச்ச சானடோரியத்தால வந்தது. அப்ப டிபிக்கு மருந்தே இல்லை. நல்ல காத்து, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான். மருந்து வந்தப்புறம் சென்னைலயே ஒரு பெரிய ஆய்வு நடந்து, 1959ல முடிவு வந்தது. சானடோரியத்துல இருந்து மருந்து சாப்பிட்டவங்களுக்கும், நெருக்கடியான வீட்டுல இருந்தே சாப்பிட்டவங்களுக்கும் குணமானதுல பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்க டிபி சிகிச்சையையே மாத்தின ஆய்வு அது.

ஆஸ்துமா வேற நோய்தான். அதுக்கு உயரம் உதவின இடமும் இருக்கு, ஸ்விட்சர்லாந்துல டாவோஸ். 1,560 மீட்டர் உயரம், காத்துல ஈரமே கம்மி. மெத்தை, தலையணைல வாழுற டஸ்ட் மைட்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கு. அதுக்கு ஈரம் வேணும், காஞ்ச காத்துல செத்துடும். அந்தப் பூச்சி அலர்ஜி இருக்கிறவங்களுக்கு டாவோஸ் ஒத்துக்கும். நம்ம கல்வராயன் ரெண்டாயிரம், மூவாயிரம் அடிதான். மழைக்காலத்துல துணியே காயாது. பூச்சிக்கு அது சொர்க்கம். அப்புறம் ஸ்கின் டெஸ்ட் எடுத்தப்ப எனக்கு டஸ்ட் மைட்தான் பெருசா வீங்குச்சு. அந்தக் கம்பளி ஞாபகம் வந்துச்சு.

இன்னொண்ணு. அக்காவோட மாமியார் ராத்திரி முழுக்க இருமுவாங்க. அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க, அடுப்புப் புகைலயே வாழ்க்கை போயிருக்கு. அக்கா சொன்னாங்க, "தம்பி, நல்ல காத்துன்னு நீங்க மேல வர்றீங்க. மூச்சு முட்டினா நாங்க கீழ ஓடணும்." 2022ல கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய விஷயம்தான். ஆனா அதுவும் கீழதான் இருக்கு.

டாக்டர் நான் இன்ஹேலர் எடுக்கிற விதத்தைப் பார்த்துட்டு, பாதி மருந்து நாக்குலயே தங்குதுன்னார். ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தார். ரெண்டு மாசம் அதை வச்சு ஒழுங்கா எடுத்தேன். தலையணைக்கு உறை மாத்தினேன். பெங்களூர்லயே சராசரி 475. பங்குனில மறுபடி வெள்ளிமலை. இந்தத் தடவை சொந்தப் போர்வை, அடுப்புக்குத் தள்ளி ரூம், தினமும் மருந்து. சராசரி 480. அந்த அஞ்சு லிட்டருக்கு வீடு மாத்த முடியாது, மீட்டர் ஊதும்போது வர்ற வித்தியாசமே அதைவிட அதிகம்.

வாகனப் புகைதான் உங்க பிரச்சினைன்னா உங்களுக்கு வேற நம்பர் வரலாம். போறதுக்கு முன்னாடி உங்களுக்கு எது ஒத்துக்கலைன்னு டெஸ்ட் எடுங்க. வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி, ரீல்ஸ்ல பார்க்கிற சீசன்ல இல்லாம, மோசமான சீசன்ல ரெண்டு வாரம் இருந்து பாருங்க. பிரிவென்டரை டாக்டரைக் கேட்காம நிறுத்தாதீங்க.

என் ஷீட்ல ஐப்பசி, கார்த்திகை ரெண்டும் இன்னும் காலியா இருக்கு. மழைக்கு யாரும் வர மாட்டாங்க, ரூம் காலியாத்தான் இருக்கும்னு அக்கா சொல்லியிருக்காங்க. ஸ்பேசர், போர்வையோட போய் ஊதிட்டு வந்து நம்பரைச் சொல்றேன்.