கணத்தில் மூளும் ஒவ்வாமை

ஒடியற்கூழ் யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்குப் பெருவிருந்து. நண்டும் இறாலும் கணவாயும் ஒரே பானையில் வேகும். சுற்றமெல்லாம் கூடியிருந்து பிலாவிலையைக் கோலிக் குடிக்கும். அவ்வேளை ஒருவர் உடம்பெல்லாம் அரிக்கிறதென்கிறார், தோல் தடிக்கிறது, உதடு வீங்குகிறது, குரல் கம்முகிறது. "சூட்டுத் தடிப்பு, சற்றுப் படுத்தெழும்பினால் மாறிவிடும்" என்கிறார் அருகிலிருப்பவர். அச்சொல்லை நம்பிக் காலங் கடத்துதல் உயிருக்கே கேடாகலாம்.

உடலைப் பகையினின்று காக்கும் ஆற்றல், பகையல்லாத ஒன்றைப் பகையெனக் கொண்டு போர் தொடுப்பதே ஒவ்வாமை. பெரும்பாலும் அது தோலரிப்போடு அடங்கிவிடும். சிலரிடத்தோ உடல் முழுவதும் பொங்கியெழும், குருதியமுக்கம் வீழும், மூச்சுக்குழாய்கள் சுருங்கும். பிரான்சிய அறிஞர் சாள்ஸ் றிசேயும் அவருடைய துணைவரும் 1902ஆம் ஆண்டில் இந்நிலைக்கு 'அனபிலாக்சிஸ்' எனப் பெயரிட்டனர். உணவு மட்டுமன்றிக் குளவிக் கொட்டும், ஊசிமருந்தும் இதனை விளைக்கலாம்.

அபாயத்தை அறிவதெங்ஙனம்? அரிப்பு, தடிப்புடன் மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், தலைச்சுற்று, மயக்கம், ஓயாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று சேருமாயின் அபாயமே. தோலில் எக்குறியுமின்றியும் இது வருவதுண்டு.

இதற்கு முதன்மருந்து அதிரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் அதனை ஏற்றுவர். குணங் காணாவிடின் ஐந்து நிமிடங்களின்பின் மீண்டும் ஏற்றுவர். ஒவ்வாமைக் குளிசை அரிப்பைத் தணிக்கும். அடைபடும் மூச்சைத் திறக்காது.

நம் நாட்டு ஆய்வொன்றும் இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றது. பாம்பு விடத்திற்கு ஏற்றும் எதிர்மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். அதனை முன்னரே தடுக்கும் வழிதேடி, இலங்கையில் பாம்புக்கடியுற்ற 1,007 பேரிடம் நடத்திய ஆய்வு 2011இல் வெளியாயிற்று. எதிர்மருந்துக்கு முன்னர் சிறிதளவு அதிரினலின் பெற்றவர்களிடம், முதல் ஒரு மணி நேரத்தில் கடும் எதிர்விளைவுகள் 43 சதவீதம் குறைந்தன. ஒவ்வாமைக்கு வழங்கும் புரோமெதசின் என்னும் மருந்து அவ்வாறு உதவவில்லை. ஆயினும் பாம்புக்கடியுற்றவர் ஒவ்வாமைக்கு அஞ்சி எதிர்மருந்தை மறுத்தல் தகாது.

நாம் செய்யத்தக்கவை யாவை? 1990 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். கட்டணமின்றி நோயாளர் காவு வண்டி வரும். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டுமாயின் சாய்ந்திருக்க விடுங்கள். வாந்தியெடுப்பின் ஒருக்கணித்துக் கிடத்துங்கள். எழுந்து நடக்க விடவேண்டா. கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டா. வாயில் எதுவும் புகட்டவும் வேண்டா.

தேறியபின்னரும் சில மணி நேரம் வைத்தியசாலையில் தங்குதல் வேண்டும். அடங்கிய ஒவ்வாமை மீண்டும் மூளக்கூடும். ஒவ்வாத பொருள் யாதென எழுதிக் கையில் வைத்திருங்கள். எந்த வைத்தியரிடஞ் சென்றாலும் முதலில் அதனைக் கூறுங்கள்.

விருந்தில் ஒருவர் 'எனக்கு இறால் ஒவ்வாது' என்றால், 'ஒரு வாய்தானே' என்று வற்புறுத்தாதிருப்பதே சிறந்த உபசாரம்.