பென்குயின் – இது யாருடைய பெயர்?



பென்குயின் பறவையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முதுகு கறுப்பு. வயிறு வெள்ளை. மனிதரைப் போல நிமிர்ந்து நிற்கும். அதனால் பறக்க முடியாது. அண்டார்டிகாவிலும் தென்கடல் ஓரங்களிலும் வாழ்கிறது.

ஆனால் பென்குயின் என்பது முதலில் இந்தப் பறவையின் பெயர் அல்ல. அது வேறொரு பறவையின் பெயர். அந்தப் பறவை இன்று உலகில் இல்லை.

அதைப் பெரிய ஆக் என்று சொல்வார்கள். அது வட அட்லாண்டிக் கடலில் வாழ்ந்தது. அதற்கும் கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு. இறக்கை மிகச் சிறியது. தரையில் தள்ளாடி நடக்கும். தண்ணீருக்குள் வேகமாக நீந்தி மீன் பிடிக்கும்.

16ஆம் நூற்றாண்டில் மாலுமிகள் இதைத்தான் பென்குயின் என்று அழைத்தார்கள். பிறகு கப்பல்கள் தென்கடலுக்கும் போயின. அங்கே இதே சாயலில் வேறு பறவைகளைக் கண்டார்கள். அவற்றையும் பென்குயின் என்றே அழைத்தார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.

சரி, பென்குயின் என்றால் என்ன பொருள்? அறிஞர்கள் பல விளக்கம் சொல்கிறார்கள்.

ஒன்று: பிரிட்டனில் வேல்ஸ் என்ற பகுதி உண்டு. அங்குள்ள மொழியில் 'பென்' என்றால் தலை. 'க்வின்' என்றால் வெள்ளை. ஆனால் பெரிய ஆக்கின் தலை கறுப்பு! கண்ணுக்கு முன்னால் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அதைப் பார்த்து இந்தப் பெயர் வந்திருக்கலாம்.

இரண்டு: லத்தீன் மொழியில் 'பிங்குயிஸ்' என்றால் கொழுப்பு நிறைந்தது. இந்தப் பறவைக்கும் கொழுப்பு அதிகம்.

எது சரி என்று இன்னும் முடிவாகவில்லை.

அந்தக் கொழுப்பே பறவைக்கு எமன் ஆனது. கனடா நாட்டின் கிழக்கே ஃபங்க் தீவு இருக்கிறது. அங்கே இவை கூட்டம் கூட்டமாக முட்டையிட வரும். மனிதர்கள் இறைச்சிக்காகக் கொன்றார்கள். எண்ணெய்க்காகக் கொன்றார்கள். மெத்தையில் அடைக்க இறகு வேண்டும் என்றும் கொன்றார்கள். ஜார்ஜ் கார்ட்ரைட் என்ற வணிகர் 1785-இல் தன் நாட்குறிப்பில் எச்சரித்து எழுதினார். இப்படியே கொன்றால் இந்த இனமே மிஞ்சாது என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். போன உயிரை ஈடு செய்ய முடியுமா? 1844 ஜூன் மாதம் ஐஸ்லாந்து அருகே எல்டே என்ற பாறைத் தீவில் ஒரு ஜோடி இருந்தது. அதையும் கொன்றார்கள். அத்துடன் கதை முடிந்தது. பறவை போனது. பெயர் மட்டும் தென்கடலில் தங்கியது.

அந்தப் பெயரைத் தாங்கும் பறவைகளுக்கும் இன்று ஆபத்து வந்திருக்கிறது. தென் ஆப்பிரிக்கக் கரையில் வாழும் பென்குயின் 2024-இல் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் உணவு மத்தியும் நெத்திலியும். அந்த மீன்கள் குறைந்துவிட்டன. 2025-இல் அங்கே ஒரு நல்ல காரியம் நடந்தது. நீதிமன்ற உத்தரவின்படி, பென்குயின் கூடுகட்டும் ஆறு இடங்களைச் சுற்றி இந்த மீன்களைப் பெரிய அளவில் பிடிப்பதற்கு 10 ஆண்டுத் தடை வந்தது.

நண்பர்களே! பெயரை ஒரு பறவையிடமிருந்து எடுத்து இன்னொரு பறவைக்கு வைத்துவிடலாம். அழிந்த பறவையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உங்கள் ஊரில் முன்பு வந்து, இப்போது வராத பறவை எது? வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அதன் பெயரை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள்.