திருக்கோயில் சுவரும் ஊர் வரலாறும்

(கதிர்காமத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கதிர்காமம் என்னும் பெயர் புதுச்சேரியில் வாழ்வோர்க்கு மிகவும் பழகிய பெயர். வழுதாவூர்ச் சாலையில் செல்லும் பேருந்தில் ஏறுவோர் நாள்தோறும் இப்பெயரைச் சொல்லிப் பயணச்சீட்டு வாங்குகின்றனர். இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி இங்கு அமைந்தபின் வெளியூர் மக்களும் இப்பெயரை அறிந்துகொண்டனர். ஆயினும் இலங்கைத் தீவின் தெற்கே, மாணிக்க கங்கைக் கரையில் இதே பெயர் கொண்ட திருத்தலம் ஒன்று உண்டு. அருணகிரிநாதர் திருப்புகழால் பரவிய தலம் அது. அங்கே கருவறைத் திரையை விலக்குவதில்லை; அடியார்கள் திரைக்கு முன் நின்றே முருகனை வழிபடுவர். யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரையோரமாக நடந்தே அத்தலத்தை அடையும் யாத்திரையும் உண்டு. கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்து வரப்பெறும் பேரக்குழந்தை, "தாத்தா, நம்ம ஊருக்கு ஏன் இந்தப் பேரு?" என்று கேட்டால் இவ்வளவேனும் எடுத்துச் சொல்பவர் எத்தனை பேர்? பெரும்பாலும் "அதெல்லாம் பெரியவங்க வச்சது, நீ சாமி கும்பிடு" என்னும் விடையே கிடைக்கும்.

ஊரைச் சுற்றிக் காட்டி, அதன் பழமையைக் கட்டணமின்றி எடுத்துரைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் இன்று பெருகியுள்ளது. புதுச்சேரியோடு நெடுங்காலத் தொடர்புடைய பிரான்சு நாட்டில் 1984-ஆம் ஆண்டு தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில் பழஞ்சின்னங்களை மக்களுக்குத் திறந்துவிடும் நாள்கள் கொண்டாடப்பெறுகின்றன. இங்கிலாந்தின் சிற்றூர்களில் அவ்வவ்வூர்ப் பெரியவர்களே மாதாகோயிலின் முன் மக்களைக் கூட்டி, கல்லறைக் கல் முதல் காவல்கோபுரம் வரை நடத்திச்சென்று விளக்குவர். இது அவர்கள் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோர் உளர். அவர்கள் காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரின் செப்பேட்டைக் கேட்டறிதல் வேண்டும்.

ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் வழங்கிய செப்பேடு அது. கூரத்து மண்டபத்தில் பாரதம் வாசிப்பவர்க்கு நிலத்தில் ஒரு பங்கு என்று அதில் விதிக்கப்பெற்றுள்ளது. அம்மண்டபத்திற்குத் தண்ணீரும் நெருப்பும் தருபவர்க்கும் தனியே ஒரு பங்கு உண்டு. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஊர்ப் பொதுவிடத்தில் கதை கேட்கும் மக்களுக்குக் கட்டணமில்லை. தாகத்திற்குத் தண்ணீரும் கிடைத்தது. சொல்பவரையும் ஊர் பட்டினி போடவில்லை. கேட்பவர்க்கு இலவசம், சொல்பவர்க்கு வாழ்வு என்பது அக்காலத்து முறை. இக்காலத்தில் சொல்பவரிடமும் இலவசத்தையே எதிர்பார்க்கின்றனர்!

புதுச்சேரி நகரின் வீதிகளைச் சுற்றிக் காட்டும் நடைப்பயணங்கள் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகின்றன. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக்காரர் வீதிகளையும், தூண் வைத்த திண்ணைகள் உள்ள தமிழர் வீதிகளையும் காணத் தொலைவிலிருந்து மக்கள் வருகின்றனர். நன்று. எனினும் அவ்வீதிகளின் வயது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளே. அதனினும் மும்மடங்கு பழைமை வாய்ந்த சுவடுகள் நகருக்கு வெளியே, நெல்வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர்களில் நிற்கின்றன. அங்கு அழைத்துச் செல்வோர் மிகச் சிலரே.

கதிர்காமத்து அன்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டு, இந்திரா காந்தி சதுக்கம் வழியாக விழுப்புரம் சாலையைப் பிடித்தால் முதலில் வருவது வில்லியனூர். கோகிலாம்பிகை உடனுறை திருக்காமீசுவரர் எழுந்தருளியுள்ள பெருங்கோயில் அது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே அங்கு வந்து தேர்வடம் பிடிப்பது வழக்கமாக இருந்தது. ஆட்சி மாறிய பின்னும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் மரபு தொடர்ந்து வருகிறது. அதனைக் கடந்து மேற்கே சென்றால் திருபுவனை, திருவாண்டார்கோயில், மதகடிப்பட்டு ஆகிய மூன்று ஊர்களும் அருகருகே அமைந்துள்ளன. திருவாண்டார்கோயில் என்பது திருஞானசம்பந்தர் பாடிய திருவடுகூர். மதகடிப்பட்டில் உள்ளது முதலாம் இராசராசன் காலத்துக் குண்டாங்குழி மகாதேவர் கோயில். இம்மூன்று ஊர்க் கோயில்களும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை.

இவற்றுள் நின்று நிதானித்துக் காணவேண்டியது திருபுவனை. அங்குள்ள வரதராசப் பெருமாள் கோயிலில், முதலாம் இராசாதிராசனின் 30-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1048-இல், பொறிக்கப்பெற்ற கல்வெட்டு ஒன்று உள்ளது. திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று அக்காலத்தில் வழங்கிய அவ்வூரில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்று நடைபெற்றமையை அது தெரிவிக்கிறது. இருக்கு வேதம் ஓதுவோர் 60 பேர், யசுர் வேதம் ஓதுவோர் 60 பேர் எனக் கணக்கு விரிந்து செல்கிறது. வேதாந்தமும் இலக்கணமும் அங்குக் கற்பிக்கப்பெற்றன. பாரதத்தையும் இராமாயணத்தையும் விரித்துரைப்போரும் இருந்தனர். இவற்றையெல்லாம்விட நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றும் அதில் உண்டு. அக்கல்லூரியில் கற்பிப்போரும் கற்போரும் ஊராட்சி வாரியங்களில் பணிசெய்ய வேண்டியதில்லை என்று சபையார் விலக்கு அளித்திருந்தனர். ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் ஓராண்டு காத்திருக்கலாம், படிப்பவனின் கவனம் சிதறலாகாது என்று கருதிய ஊர் அது.

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்திலும் இதற்கு முன்னரே, முதலாம் இராசேந்திரன் காலத்தில், 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி இருந்தது. இக்கல்லூரிகள் அந்தணர்க்கே உரியனவாக இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். உழுதவர் விளைத்த நெல்லே அங்கு உணவாயிற்று. உழுதவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்கு இடமிருக்கவில்லை. பழம்பெருமை பேசும்போது இதனை விட்டுவிட்டால் அது வரலாறு ஆகாது. இன்று அச்சுவரின் முன் எவர் வீட்டுப் பிள்ளையும் நின்று எழுத்துக்கூட்டிப் படிக்கலாம்.

தெற்கே கடலூர்ச் சாலைப் பக்கம் உள்ள பாகூரின் கதை வேறுவகையானது. நிருபதுங்கவர்மப் பல்லவனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றன. அச்செய்தி வடமொழியிலும் தமிழிலும் ஐந்து செப்பேடுகளில் வெட்டப்பெற்றது. 1879-ஆம் ஆண்டு அச்செப்பேடுகள் புதுச்சேரியில் நீதிபதியாக இருந்த பிரெஞ்சு அதிகாரி ழூல் தெலாபோன் என்பவரின் கைக்குக் கிடைத்தன. அங்கிருந்து அவை கடல் கடந்து பாரிசு நகரத்துத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. அறிஞர்கள் அவற்றைப் படித்து நூலில் வெளியிட்டமையால் செய்தி பிழைத்தது. ஆனால் பாகூர்ப் பள்ளிச் சிறுவன் தன் ஊரின் ஆவணத்தைக் கண்ணால் காண வேண்டுமெனில் கப்பலோ விமானமோ ஏறவேண்டும். பாகூர் மூலநாதர் கோயிலின் கல்வெட்டுகளோ சோழர் காலம் தொட்டு அதே சுவரில் இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றால் போதும். செம்பு விலைபோகும், பெட்டியில் போகும். கல் ஊரோடு இருக்கும் என்று கருதித்தான் முன்னோர் சுவரில் வெட்டினர் போலும்.

அந்தக் கல்லும் எந்நாளும் நிலைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. 1748-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த காலத்தில், நகருக்குள் இருந்த வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பெற்றது. துய்ப்ளேக்சு ஆளுநராக இருந்த காலம் அது. அவரிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை, தம் நாட்குறிப்பில் அச்செய்தியை மனம் நொந்து எழுதிவைத்தார். பிற்காலத்தில் வேறிடத்தில் இறைவனுக்குக் கோயில் எழும்பிற்று, வழிபாடும் தொடர்ந்தது. ஆனால் பழைய கோயிலின் சுவர்களில் கல்வெட்டு இருந்திருப்பின் அது அன்றே போயிற்று. யார் விளக்கு வைத்தார், யார் நிலம் கொடுத்தார் என்னும் செய்தியும் அதனோடு போயிற்று.

அது பகைவர் பீரங்கி முழங்கிய காலம். இன்று அத்தகைய இழப்பு அன்பர்களின் கையாலேயே நேர்கிறது. திருப்பணி என்னும் பெயரால் நல்ல மனத்தோடு செய்யப்பெறும் செயல்களில் கல்வெட்டு அழிகின்றது. மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுவரைத் தூய்மை செய்தால் எண்ணெய்ப் பிசுக்கோடு எழுத்தும் உதிர்கிறது. சுண்ணாம்பும் வண்ணப்பூச்சும் எழுத்தின் பள்ளத்தை நிரப்புகின்றன. கீழே பளபளக்கும் தரை வேண்டுமென்று மண் நிரப்பிக் கல் பதித்தால் அதிட்டானத்தின் குமுதமும் பட்டிகையும் புதைந்துபோகின்றன. கல்வெட்டுகள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். சிதைந்த மண்டபத்தைப் பிரித்துக் கட்டும்போது எழுத்துள்ள கல் தலைகீழாகவும் இடம் மாறியும் வைக்கப்பெறுகிறது. படிக்கட்டாகிவிட்ட கல்வெட்டுகளும் உண்டு.

முன்னோர் எவ்வாறு செய்தனர் என்பதற்குத் திருமழபாடி சான்று. அக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் தம் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டார். பிரிக்குமுன் சுவரில் இருந்த கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்து வைக்கச் செய்தார். பணி முடிந்தபின், அவர் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அவை மீண்டும் புதிய சுவரில் வெட்டப்பெற்றன. தந்தை காலத்தில் எழுதிய புத்தகத்தை மகன் காலம் வரை பத்திரமாக வைத்திருந்தனர். இன்று கையடக்கக் கைப்பேசியில் ஒரு மணி நேரத்தில் ஒரு கோயிலின் சுவர்களையெல்லாம் படம் பிடித்துவிடலாம். அதைச் செய்யாமல் திருப்பணி தொடங்குவதற்கு எந்தக் காரணமும் பொருந்தாது.

சுவரில் உள்ளது எழுத்து என்று தெரிந்தவர் ஊரில் பத்துப் பேர் இருந்தால் அச்சுவரின்மேல் எவரும் மணல் பீய்ச்ச இயலாது. அப்பத்துப் பேரை உண்டாக்குவதுதான் இத்தகைய இலவச உலாக்களின் பயன். பாகூர்ப் புலவர் குப்புசாமி அவர்கள் புதுச்சேரி வட்டாரத்துக் கல்வெட்டுகளைத் தொகுத்தார். அத்தொகுப்பு, கோ. விசயவேணுகோபால் அவர்களின் பதிப்பாசிரியப் பணியோடு 2006-ஆம் ஆண்டு நூலாயிற்று. புதுச்சேரியில் 1955-இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் தென்னாட்டுக் கோயில்களின் ஒளிப்படங்கள் இலக்கத்திற்கு மேல் சேர்த்து வைக்கப்பெற்றுள்ளன; அங்குள்ள சைவ ஆகமச் சுவடிகளுக்கு 2005-ஆம் ஆண்டு யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம் கிடைத்தது. ஆகவே சொல்வதற்குச் செய்தி இல்லாமல் இல்லை. நூலில் உள்ளதைச் சுவருக்கு முன் நின்று சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவே.

சொல்பவர் ஒன்றில் மட்டும் கவனமாக இருத்தல் வேண்டும். தலபுராணம் வேறு, கல்வெட்டு வேறு. இந்திரன் வழிபட்டான் என்பது பத்தியின் மொழி. இராசாதிராசன் காலத்தில் ஊர்ச்சபை கூடியது என்பது ஆவணத்தின் மொழி. இரண்டையும் கலந்து எல்லாக் கோயிலுக்கும் இரண்டாயிரம் வயது சொன்னால் கேட்கும் பிள்ளை நாளை இரண்டையும் நம்பாது. "சாமி கும்பிட வந்த இடத்தில் சரித்திரம் எதற்கு?" என்று சிலர் வினவுவர். அரசவையில் அமைச்சராக இருந்த சேக்கிழார் பெருமான் அடியார்களின் ஊரும் பேரும் குலமும் தொழிலும் விடாமல் எழுதிவைத்தமையை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

உலா செல்லும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: காலை வெயில் சுவரில் சாய்வாக விழும் வேளையில் சென்றால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும், படிக்க எளிது. உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. எழுத்தைத் துலக்க மாவோ சுண்ணக்கட்டியோ தேய்த்தல் கூடாது. சுவரில் திருநீறு, குங்குமம் இடுவதையும் எழுத்துள்ள கல்லின்மேல் அகல் ஏற்றுவதையும் தவிர்த்தல் நலம். ஸ்வஸ்திஸ்ரீ என்னும் மங்கலச் சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்குமாறு குழந்தைகளிடம் சொன்னால் அவர்கள் சுவர் முழுவதும் கண்ணை ஓட்டுவர். முதலில் அச்சொல், அடுத்து அரசன் பெயர், அதன்பின் யாண்டு. யாண்டைக் கண்டுவிட்ட பிள்ளை வீட்டிற்குத் திரும்பும் பேருந்தில் விரல்விட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கணக்குப் போட்டுக்கொண்டே வரும்.