உலாவியும் வணிகத் தளமும்



வலைத்தளம் ஒன்றைத் திறக்கும்போது, அதன் உரிமையாளர் அமைத்து வைத்த பக்கத்தையே நாம் காண்பதாக எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. தளத்திலிருந்து நமக்கு வருவன வெறும் குறிப்புகளே. இங்கே தலைப்பு, இங்கே படம், இவ்வளவு அகலத்தில் ஒரு கட்டம் என்னும் அக்குறிப்புகளைப் படித்துப் பக்கத்தைத் தீட்டிக் காட்டுவது நம் கணினியிலுள்ள உலாவியின் வேலை. ஒரே குறிப்புக்கு இரண்டு உலாவிகள் இரண்டு பொருள் கொண்டால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் பார்ப்போம். கட்டத்தின் அகலம் 300 புள்ளி. உள்ளே இருபுறமும் 20 புள்ளி இடைவெளி. இருபுறமும் 5 புள்ளிக் கரை. பொது விதிப்படி இது மொத்தம் 350 புள்ளி இடத்தைப் பிடிக்கும். விண்டோஸில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐந்தாம் பதிப்போ, இடைவெளியையும் கரையையும் அந்த 300க்குள்ளேயே அடக்கிவிட்டது. ஐம்பது புள்ளி வேறுபாட்டில் பக்கத்துப் பத்தி கீழே சரிந்துவிடும். பார்ப்பவர் உலாவியைக் குறை கூறமாட்டார். கடையைத்தான் குறை கூறுவார்.

1994இல் நெட்ஸ்கேப் உலாவி வெளிவந்தது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் தன் உலாவியோடு களத்தில் இறங்கிற்று. இரண்டும் போட்டியிட்டுக்கொண்டு தத்தமக்கெனப் புதுப்புது வசதிகளைச் சேர்த்தன. பொது விதிகளை வகுக்க டிம் பெர்னர்ஸ் லீ 1994இலேயே ஓர் அமைப்பை நிறுவியிருந்தார். ஆனால் போட்டியின் வேகத்துக்கு விதியின் வேகம் ஈடுகொடுக்கவில்லை.

ஒரே உலாவியை நம்பி வணிகம் நடத்துவதன் விலை யாதென அறிய, தென்கொரியாவின் கதையைக் கேளுங்கள். 1990களில் வலுவான மறையாக்க முறைகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதை அமெரிக்கா கட்டுப்படுத்தியிருந்தது. ஆகவே கொரியர் 'சீட்' என்னும் முறையைத் தாமே வகுத்தனர். உலாவிகள் அதனை அறியா. எனவே 'ஆக்டிவ்எக்ஸ்' என்னும் துணைக் கருவி வழியாக அதனைப் புகுத்தினர். அக்கருவியோ இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்குவது. வங்கியும் கடையும் அதன்மீதே எழுந்தன. வேறு உலாவி வைத்திருந்தவர் பொருளைப் பார்க்கலாம். பணம் செலுத்த இயலாது! இதனை நான் மடமை என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு அது பாதுகாப்பான வழியாகவே தோன்றியிருக்கும். ஆனால் உலகம் மாறிய பின்னும் அவ்வழியை விட்டு விலகாதிருந்ததே துன்பத்துக்குக் காரணம்.

2014இல் கொரியத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று சீனாவில் பெரும் புகழ் பெற்றது. அதன் நாயகி அணிந்த ஆடைகளை வாங்கச் சீன நேயர்கள் கொரியத் தளங்களை நாடினர். கட்டாயச் சான்றிதழ் முறை குறுக்கே நின்றது. அன்றைய குடியரசுத் தலைவர் பார்க் குன் ஹேயே இதனை வெளிப்படையாக எடுத்துக் கூறினார். வாங்க மனமிருந்தது, விற்கச் சரக்கிருந்தது, வாயில்தான் அடைத்துக் கிடந்தது. அச்சான்றிதழின் சட்டத் தனிச்சிறப்பு 2020 டிசம்பரில்தான் நீங்கிற்று. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அவ்வுலாவியின் இறுதிப் பதிப்புக்கான ஆதரவையே பெரும்பாலும் நிறுத்திக்கொண்டது.

உங்களுள் சிலர் நாளை வணிகத் தளம் அமைக்கக்கூடும். குரோமும் எட்ஜும் உள்ளே ஒரே பொறியைக் கொண்டவை. அவ்விரண்டில் மட்டும் சோதிப்பது ஒரே சாட்சியை இருமுறை விசாரிப்பது போலாகும். சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும், கைப்பேசியின் சிறு திரையிலும் பாருங்கள். முகப்பின் அழகை மட்டும் பார்த்து நின்றுவிடாமல், பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறும்வரை சென்று பாருங்கள்.

இன்னொன்று: வருகின்ற உலாவியின் பெயரைக் கேட்டு வழி விடாதீர்கள், தேவையான வசதி அதனிடம் உண்டா என்று கேளுங்கள். பெயரை நம்புவதற்கில்லை. அக்காலத் தளங்கள் சில, 'மொசில்லா' என்று சொன்ன உலாவிக்கே நல்ல பக்கத்தை அனுப்பின. அதனால் பெரும்பாலான உலாவிகள் அப்பெயரைச் சூடிக்கொண்டன. குரோமும் சஃபாரியும் இன்றும் தளங்களிடம் தம்மை 'மொசில்லா' என்றே அறிமுகம் செய்துகொள்கின்றன.