கணிதமும் கணினியும்



நான்காம் வகுப்பின் வகுத்தல் தெரியாமல் எட்டாம் வகுப்பை எட்டிய பிள்ளைக்கு இயற்கணிதம் எங்ஙனம் விளங்கும்? விடுபட்ட படியை எவரும் தேடுவதில்லை. ‘கணக்கு வராது’ என்று நம் பிள்ளைகளுக்கு முத்திரை குத்திவிடுகின்றனர்.

2015இல் தில்லியில், ஏழை எளியோர் வாழும் பகுதிகளில் இயங்கிய ‘மைண்ட்ஸ்பார்க்’ மையங்களில் ஆய்வொன்று நடைபெற்றது. மாணவன் தரும் விடையைக் கொண்டே அவன் நிற்கும் படியறிந்து, அதற்கேற்ற கணக்கைக் கணினி அளித்தது. எந்தத் தெருவினன் என்று அது கேட்கவில்லை. நாள்தோறும் 45 நிமிடம் கணினி. 45 நிமிடம் சிறு குழுவில் வழிகாட்டல். நாலரை மாதங்களில் பின்தங்கியோரும் முன்னேறினர். பள்ளிக்கு மட்டும் சென்ற பின்தங்கியோரோ ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றனர்.

சிறுசேரி மென்பொருள் பூங்காவின் அருகே வாழும் நாம், மாலை வகுப்புக்குச் சில கணினிகளும், உடனமர்ந்து வழிகாட்டப் படித்த இளைஞர் ஒருவரும் தருவோம். வெள்ளி விழாவின் நினைவுச் சின்னம் அதுவாகட்டும்.