ஒற்றையடிப் பாதையின் ராஜா

உடப்புசல்லாவையிலிருந்து ராகலைக்கு ஏறி, வலப்பனைப் பக்கம் இறங்கி, ரிக்கில்லகஸ்கடையையும் தாண்டினால் ஹங்குராங்கெத்தை வரும். 1635 முதல் 1687 வரை கண்டியை ஆண்ட இரண்டாம் ராஜசிங்கன் தம் பிற்காலத்தைக் கழித்த ஊர் அது. வாள் பிடிக்கவும் தெரிந்தவர், அரசியலில் காய் நகர்த்தவும் தெரிந்தவர். மதுரையிலிருந்து வந்த பெண்தான் அவருடைய பட்டத்து ராணி.

நான் தோட்டப் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தவன். ஒரு நாள் இவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பி, "சேர், அந்த ராசா ஏன் ரோட்டு போடல?" என்று கேட்டது. பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு மேல் டிவிஷனுக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஏறினேன். மழை விட்ட நேரம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் கான். முன்னால் போனவன் "அட்டை!" என்று கத்திக் குனிந்தான், காலில் சவர்க்காரம் தேய்த்திருந்தும் ஏறிவிட்டது. அவன் நின்றதும் பின்னால் வந்த அத்தனை பேரும் நிற்க வேண்டியதாயிற்று. விலக இடமில்லை. கடைசியில் நின்ற பிள்ளைகளுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. "இப்ப மேலே இருந்து ஒருத்தன் அம்பு விட்டா?" என்று கேட்டேன். கேள்வி கேட்ட பிள்ளைதான் முதலில் தலையாட்டியது.

1638 மார்ச்சில் போர்த்துக்கேயப் படைக்கு நடந்தது இதுதான். ராஜசிங்கன் கண்டி நகரத்தைக் காலி செய்து விட்டுக்கொடுத்தார். வந்தவர்கள் வெறும் ஊரைக் கொளுத்திவிட்டுத் திரும்பும்போது, கன்னொறுவையில் மகாவலிக் கரையோரம் அவர்களை மடக்கினார். தளபதி தியோகு த மெலோவும் மாண்டார். அதற்கு எட்டு வருடம் முன்பு, 1630இல், ரந்தெனிவெலவில் இளவரசராக நின்று இன்னொரு போர்த்துக்கேயத் தளபதியை வீழ்த்தியவர் இவர்.

இந்த ஒற்றையடிப் பாதைகளைப் பற்றி நமக்கு விவரமாக எழுதி வைத்தவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, பத்தொன்பது வருடத்துக்கு மேல் கண்டி நாட்டில் கைதியாக இருந்த ஆங்கிலேயர். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம், வழிக்கு வழி முள் படலை, அங்கே காவல் என்கிறார். கடந்து போகக் களிமண்ணில் குத்திய முத்திரை வேண்டுமாம். படைவீரனுக்கு ஈட்டி பிடித்த ஆள் உருவம். கூலிக்காரனுக்குத் தோளில் பொதி தொங்கவிட்ட ஆள் உருவம். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, நேயர்களே! நம் தோட்டங்களில் 1921 வரை 'துண்டு' என்ற விடுகைச் சீட்டு இல்லாமல் ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக முடிந்ததா? களிமண் போய்க் கடதாசி வந்தது, அவ்வளவுதான்.

ஒல்லாந்தரோடு ராஜசிங்கன் செய்த ஒப்பந்தத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். போர்த்துக்கேயரைத் துரத்த 1638இல் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1656இல் கொழும்பு விழுந்ததும் ஒல்லாந்தர் கதவை அவர் முகத்திலேயே சாத்தினார்கள். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின கதை என்று சிங்களச் சனங்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கடல் போனது, மலை மட்டும் அவர் கையில் நின்றது.

1664 டிசம்பரில் நிலம்பையில் சொந்த ஆட்களே நள்ளிரவில் அரண்மனையை வளைத்தபோதும் மலைதான் காப்பாற்றியது. இருட்டோடு இருட்டாகக் கலவுட மலைக்கு ஏறிவிட்டார். அவருடைய சிறு வயது மகனை ராஜாவாக்கப் பார்த்தார்கள்; பையன் அத்தையோடு தகப்பனிடமே ஓடிவந்தான். கலகம் அதோடு கலைந்தது. அந்த மலையை விட்டுத் தூரம் போக மனமில்லாமல்தான் ஹங்குராங்கெத்தையிலேயே தங்கிவிட்டார் என்பது என் எண்ணம்.

நொக்ஸ் எப்படித் தப்பினார் தெரியுமா? ஊர் ஊராகச் சுமை வியாபாரம் செய்து, ஒவ்வொரு பாதையாகக் கற்றுக்கொண்டார். 1679இல் அனுராதபுரக் காடு வழியாக நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்புக்குப் போய்ச் சேர்ந்தார். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு அதே மன்னார்க் கரையில் இறங்கி, அதே காடுகளை மறுபக்கமாகக் கடந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் நம் பூட்டன்மார், பூட்டிமார்.

நேரம் நெருங்கிவிட்டது. ஹங்குராங்கெத்தையில் அரண்மனை இப்போது இல்லை; ஏட்டுச் சுவடிகள் இருக்கிற பொத்குல் விகாரை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போவேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டுப் பாட்டியிடம் பழைய குறுக்குப் பாதைகளைக் கேட்டு, ஒரு தரமாவது அவரோடு நடந்து பாருங்கள்.